உதட்டு வளையம்

மேடையில் வெறுங்காலோடு நின்ற பெண், இரண்டு மாதத்துக்கு முன் மார்லேன் தன் வீட்டுச் சமையலறையில் சொன்ன பொய்யை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வருவாரு. பின்கதவ தாப்பா போடாம வச்சிருப்பேன்."

கூடத்தின் பின்சுவரோரம், பச்சையாக எரியும் அவசர வழி விளக்கின் கீழே நின்றிருந்த மார்லேனுக்கு முதலில் வந்தது பெருமைதான். நூற்று நாற்பது பேர் இருமாமல் உட்கார்ந்து தன் வாக்கியத்தைக் கேட்கிறார்கள். மோன்வியே சமுதாயக் கூடத்தின் சாவியும் துடைப்பமும் கொதிகலனும் இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பில் இருக்கின்றன. இங்கே அவள் அதிகம் சொன்ன வாக்கியம் "ஷூவத் தொடச்சிட்டு வாங்க" என்பதுதான். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

தீயணைப்புப் படையின் ஆண்டு விருந்து, ரத்ததான முகாம், முதியோர் சங்கத்தின் சீட்டாட்டப் போட்டி எல்லாமே இந்தக் கூடத்தில்தான். தரையில் கூடைப்பந்துக் கோடுகள். சுவரில் என்ன தேய்த்தாலும் போகாத உருகிய சீஸ் வாசம். செப்டம்பரில் லியோன் நகரத்திலிருந்து வந்திறங்கிய நாடகக் குழு, இதைச் சமுதாயக் கூடம் என்று சொல்வதையே முதலில் நிறுத்தச் சொல்லிவிட்டது. இனிமேல் இது 'உறையும் வெளி'. கூடைப்பந்து வளையத்தைக் கழற்றலாம் என்று மார்லேன் ஏணியோடு வந்தபோது, இயக்குநர் தாங்க்ரேத் பதறி ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாதீங்க மதாம். அது பேசுது."

மார்லேன் வளையத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏணியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மேயர் குயெனோவுக்கு வளையம் பேசினாலும் பாடினாலும் ஒன்றுதான். அவர் கண் கையேட்டின் மேல் இருந்தது. மாகாணத்தில் போய்ப் பார்க்க வேண்டிய அரங்குகளையும் நிகழ்ச்சிகளையும் பட்டியலிட்டு வருடா வருடம் ஒரு வழவழப்பான கையேடு வரும். போன வருடம் பக்கத்து ஊர், பழைய மரம் அறுக்கும் கொட்டகையில் பொம்மலாட்டம் நடத்தி அதில் அரைப் பக்கம் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஊர் மேயருக்குக் குயெனோ இரண்டு விரலைத்தான் கைகுலுக்கக் கொடுக்கிறார். "மூணு வரி போதும் மார்லேன். மூணு வரி, ஒரு சின்ன போட்டோ. நான் கண்ண மூடிடுவேன்" என்று அவர் நேற்றுகூடச் சொன்னார். கையேட்டுக்காக எழுதும் அம்மாள் இப்போது முதல் வரிசையில், சாம்பல் நிறச் சால்வையும் திறந்த நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மேயர், பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் போல.

நாடகத்துக்கு வேண்டிய கதையை ஊர்க்காரர்களே கொடுக்க வேண்டும் என்பதுதான் தாங்க்ரேத்தின் முறை. இந்தப் பக்கத்தில் இப்போது எல்லாக் குழுக்களும் இப்படித்தான் செய்கின்றன. ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போவார்கள், காப்பி குடிப்பார்கள், சொன்னதையெல்லாம் பதிவு செய்வார்கள், அதையே மேடையில் போடுவார்கள். மார்லேனின் சமையலறையில் அவன் உட்கார்ந்தபோது அவள் உள்ளதைத்தான் சொன்னாள். இங்கேயே பிறந்தேன். இங்கேயே கட்டிக்கொண்டேன். கணவர் ரெமோன் பால் லாரி ஓட்டுகிறார், ஊர் பேண்டில் தூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறார். ஒரே மகள் நாந்த் நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அவ்வளவையும் சொல்லி முடிக்க ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. தாங்க்ரேத் நோட்டு ஓரத்தில் நத்தை நத்தையாக வரைந்துகொண்டிருந்தான்.

"சரி மதாம். ஆனா, இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"அடியிலயா? நிலவறை. உருளைக்கிழங்கு போட்டு வச்சிருக்கோம்."

அவன் சிரிக்கவில்லை. ரொம்ப மிருதுவாகக் கருவியை அணைக்கக் கை நீட்டினான். அந்த மிருதுதான் மார்லேனைச் சுட்டது. தன் ஐம்பத்தெட்டு வருடத்தில் இவனுக்குப் பதிவு செய்ய ஒன்றும் இல்லை என்று இவனே முடிவுகட்டிவிட்டான்! "இருங்க" என்றாள். "ஒரு ஆளு இருந்தாரு."

நத்தை வரைவது நின்றது.

அதற்கப்புறம் அவளுக்கே வியப்பாக இருந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை, பின்கதவு, வெளியே மழை, அவன் கோட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது போல வந்தன. முக்கால் மணி நேரம் பேசினாள். கிளம்பும்போது தாங்க்ரேத்துக்குக் கண் கலங்கியிருந்தது. "பேரெல்லாம் வராது மதாம். எல்லார் சொன்னதும் உருகி ஒண்ணாயிடும். சீஸ் சட்டியில போட்ட மாதிரி" என்றான். அவன் போனதும் மார்லேன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தனியாகச் சிரித்தாள். அன்றைக்குச் சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

ஊரில் பொய் சொன்னது அவள் ஒருத்தி மட்டும் இல்லை என்பது இன்று மேடையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போயிராத மர்செல், வடதுருவக் கடலில் மீன்பிடித்த கதையைக் கொடுத்திருந்தான். பன்றி வளர்க்கும் கஸ்தோன் தன் பன்றிகளுக்கு லத்தீனில் ஜெபம் சொல்கிறானாம். ஒவ்வொன்று வரும்போதும் கூடம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "டேய் மர்செல், ஐஸ்ல சறுக்கி விழலயாடா?" என்று யாரோ கத்தினார்கள். கையேட்டு அம்மாள் அதையும் குறித்துக்கொண்டாள். சரி, எனக்கும் சிரிப்பார்கள், அதோடு போச்சு என்று மார்லேன் நினைத்தாள்.

ஆனால் வெறுங்கால் பெண் ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"பேண்டு ஒத்திகைன்னு வீட்ல சொல்லிட்டு வருவாரு. கெளம்பறப்ப நான்தான் ஞாபகப்படுத்துவேன். ஊதினவன் ஒதட்டுல வளையம் விழும். வெறும் ஒதட்டோட வீட்டுக்குப் போகாதீங்க. கிண்ணத்த எடுத்து ஒரு நிமிஷம் வாயில அழுத்திக்கிட்டுப் போங்க."

இடது பக்கம் மூன்று வரிசையில் பேண்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிவப்புக் கோட்டும் பொன் பொத்தானுமாக, முடிவில் வாசிப்பதற்காக. அவர்களுக்குப் பக்கத்திலேயே அவரவர் மனைவிமார். குழலின் வாயில் செருகிய வெள்ளிக் கிண்ணத்தை உதட்டில் வைத்து ஒரு மணி நேரம் ஊதினால், சிவப்பாக ஒரு வட்டம் பதிந்து படுக்கப்போகும் வரைக்கும் இருக்கும். இது அந்த மனைவிமாருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.  பன்னிரண்டு பெண்தலைகள், கம்பி இழுத்துவிட்ட பொம்மைகள் போல ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பின. பன்னிரண்டு கணவர்களின் பன்னிரண்டு வாய்கள். கிளாரினெட் வாசிக்கும் போலோ, தன் வாத்தியத்துக்கு வளையமே விழாது என்பதை மறந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் மனைவி அந்தக் கையை விலக்கினாள்.

"என்னடி பாக்கற? நான் கிளாரினெட்டு!"

"தெரியும். கைய எடு."

மார்லேனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. அட கடவுளே, ஒரு பொய்யால் ஒரு பேண்டையே கலைத்துவிட்டேனே என்று தோன்றியது. தூபாவுக்கான ஓரத்து நாற்காலியில் ரெமோன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தாள். அவன் பக்கத்து நாற்காலி காலி. அவளுடைய இடம் அது. அவன் வாயைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அவன் அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெளிந்தவர்கள், முறைத்தவர்கள், கிசுகிசுத்தவர்கள் நடுவே அவன் ஒருவன் மட்டும், லாரியில் பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் போகிறவன் போல இரண்டு கையாலும் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

மேடையில் அந்தப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். கத்தியால் இரண்டாக வெட்டினாள். "அவரு வர்றதுக்கு முந்தி கையில எலுமிச்ச தேய்ச்சுக்குவேன். வேலை வாசம் போகணும்ல" என்று சொல்லிக்கொண்டே, புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்தாள். கொதிகலன் சூட்டில் வாசம் பரவி, முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கு நடந்து வந்து மார்லேனின் மூக்கைத் தொட்டது.

எலுமிச்சையா?

நான் ஏன் எலுமிச்சை என்று சொன்னேன்?

அவள் தரை துடைப்பவள். அவள் கையில் இருப்பது ப்ளீச்சிங் வாசம். அதைப் போக்க அவள் என்றைக்கும் எலுமிச்சை தேய்த்ததில்லை. வீட்டில் எலுமிச்சை வாங்குவதுகூட மீன் சமைக்கும் நாளில்தான். பொய்யை அவள் தன் கையிலிருந்து எடுக்கவில்லை. அப்படியானால் எங்கிருந்து எடுத்தாள்? கோட்டு. வியாழக்கிழமை மாலைகளில் ரெமோனின் கோட்டை வாங்கி மாட்டும்போது வந்த வாசம். இரண்டு வருடம் முன்பு வரை அவனும் லூசியனும்தான் பேண்டுக்கு இருந்த இரண்டே தூபாக்கள். தனியாகப் பயிற்சி வேண்டும் என்று வியாழன்தோறும் மேல்கிராமத்தில் லூசியனின் கார் கொட்டகையில் ஒத்திகை நடக்கும். கோட்டை மாட்டிவிட்டு அவன் முன்னால் சூப்பை வைப்பாள். அவன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவான். செவ்வாய்க்கிழமை முழுப் பேண்டு ஒத்திகை முடிந்து வரும்போது அந்த வாயைச் சுற்றிச் சிவப்பாக வளையம் இருக்கும். வியாழக்கிழமை?

அவள் கண் பார்த்திருக்கிறது. பல வருடம், வாராவாரம் பார்த்திருக்கிறது. பார்த்ததை அவளிடம் சொல்லவே இல்லை. லியோனிலிருந்து வந்த ஒருவன் நத்தை வரைகிறானே என்ற கோபத்தில், கேட்டதும் எடுத்து அவனிடம் கொட்டிவிட்டது.

கூட்டுறவுச் சங்கக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் பாதி எலுமிச்சை இருக்கும். சீஸ் வெட்டித் தரும் ஓதில் என்ற பெண், பேசிக்கொண்டே அதைக் கையில் தேய்த்துக்கொள்வாள். "இல்லன்னா வீட்டுப் பூனகூட என்னத் துரத்துது மதாம்" என்பாள். ஓதில், மேல்கிராமத்தில் லூசியன் வீட்டுக்கு அடுத்த வீடு. கணவன் இல்லாதவள்.

மார்லேன் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் வரிசையின் நடுவில் ஒரு பெண் எழுந்தாள். கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக நுழைத்துக்கொண்டு, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லியபடி வெளியே வந்தாள். நடைபாதை நேராக அவசர வழிக்கு வந்தது. அவசர வழியில் மார்லேன் நின்றாள். இருவருக்கும் நடுவே ஒரு முழ தூரம். ஓதிலின் முகம் மோர் நிறத்தில் இருந்தது. மார்லேன் செய்தது, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்ததுதான். கதவின் கம்பியை அழுத்தித் திறந்துவிட்டாள். நவம்பர் குளிர் உள்ளே பாய்ந்தது. கதவு தடாலென்று மூடியது.

முதல் வரிசையில் கையேட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அற்புதம்" என்று மேயரிடம் சொன்னாள். "பார்வையாளர்களுக்குள்ளேயே நடிகர்களை உட்கார வச்சிருக்காங்க."

மேயர், அது தன் யோசனைதான் என்பது போலத் தலையாட்டினார்.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் யாரும் எழ விடாமல் தாங்க்ரேத் மைக்கைப் பிடித்தான். நாடகத்துக்குப் பிறகு கலைஞர்களோடு கலந்துரையாடல் என்று ஒன்று உண்டு. அதில் தப்புவதற்கு ஒரே வழி சமையலறை. மார்லேன் உள்ளே போய், எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய ஒயின் தம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.  ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். எலுமிச்சை யார் கையில்தான் இல்லை? குளிர் என்று ஒருத்தி எழுந்து போகக் கூடாதா? நான் கதை கட்டுகிறவள். இதையும் நானே கட்டுகிறேன். ரெமோன்தான் இப்போது என்னைச் சந்தேகப்படுவான். வியாழக்கிழமை நான் யாரையோ வீட்டுக்குள் விட்டேன் என்று நினைப்பான். அவனிடம் சொல்லிவிட வேண்டும். அத்தனையும் பொய், அந்தப் பையன் நத்தை வரைந்தான், எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

தூபாவின் பெரிய பெட்டி மட்டும் சமையலறையில்தான் இருந்தது. ரெமோன் உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். தூபாப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூட்டைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெமோன்," என்றாள் மார்லேன். "அந்தக் கத நான் குடுத்ததுதான். ஆனா..."

"எப்பலேருந்து ஒனக்குத் தெரியும்?"

தம்ளர் ஒன்று அவள் கையிலேயே நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தாங்க்ரேத்தின் குரல், "மௌனமும் ஒரு பதில்தான். அவசரமே வேணாம்" என்றது.

"லூசியன் முதியோர் இல்லத்துக்குப் போனதோட முடிஞ்சு போச்சு, லேன். சத்தியமா. ரெண்டு வருஷம் ஆச்சு." அவன் பெட்டியிடமே பேசினான். "அது வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தியா? வியாழக்கிழம நான் வர்றப்ப சூப்ப மூடி வச்சிருப்பியே. ஒரு வார்த்த கேக்காம. எனக்கு இப்ப அத நெனைச்சாதான் பயமா இருக்கு."

சூப் ஆறிவிடக் கூடாதென்று மூடி வைத்தது.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தக் கிண்ணத்த வாயில அழுத்திக்கிட்டுப் போகச் சொன்னான்னு சொன்னியே, அது இல்ல. அவளுக்கும் தோணல, எனக்கும் தோணல." யோசித்தான். பிறகு, தூபாவைப் போலவே கனமான அவனுடைய நேர்மையோடு, "தோணியிருந்தா செஞ்சிருப்பேன்" என்றான்.

 மார்லேன் கட்டிய கதையெல்லாம் கட்டிடமாகவே எழுந்து நின்றது. அவள் சொந்தமாகக் கற்பனை செய்தது அந்த ஒரு நிமிடக் கிண்ணம் மட்டும்தான். ஆறு நிமிடத்தில் முடிந்துபோகும் வாழ்க்கை என்று வெட்கப்பட்டாளே, அதற்கு அடியில் நிலவறைக்குக் கீழே இன்னொரு நிலவறை இருந்திருக்கிறது. ஊருக்கே அதில் வெளிச்சம் அடித்துக் காட்டியாயிற்று.

"அதுக்காக இப்படியா? ஊரு முன்னாடி, காசுக்கு நடிக்கிறவங்கள விட்டு?" ரெமோன் முதல் முறையாக நிமிர்ந்தான். கண் ஈரமாக இருந்தது. "எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"எனக்குத் தெரியாது ரெமோன்."

"எது தெரியாது?"

"எதுவுமே. நான் சும்மா சொன்னேன். எனக்கு இப்பத்தான் தெரியும்." தம்ளரைத் தட்டில் வைத்தாள். "இப்ப. நீ சொல்லித்தான்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் பொய் சொல்கிறாளா என்று முகத்தில் தேடினான். தேடத் தேட, அது உண்மை என்பது அவன் முகத்தில் கீழிருந்து மேலாக ஏறியது, குளிர்ந்த தண்ணீருக்குள் நடந்து போகிறவனுக்கு ஏறுவது போல. 

கதவு படாரென்று திறந்து மேயரின் தலை நுழைந்தது. நெற்றியெல்லாம் மினுமினுப்பு. "ரெமோன்! தூபா எங்கய்யா? எல்லாரும் நிக்கிறாங்க! மார்லேன், அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முழுப் பக்கமாம்! முழு..." இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, ஒயின் பத்தாதா?"

 ரெமோன் பெட்டியைத் திறந்தான். தூபாவைத் தூக்கினான். வெள்ளிக் கிண்ணத்தைக் கோட்டு நுனியால் துடைத்துச் செருகினான். கதவருகே ஒரு முறை நின்றான். பிறகு போய்விட்டான்.

பேண்டு வாசிக்க ஆரம்பித்தபோது மார்லேன் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். இது பன்னிரண்டு வருடமாக எல்லா விழாவிலும் வாசிக்கும் அதே அணிவகுப்புப் பாட்டு. தூபா அதில் அடியில் கிடந்து பூம் பூம் என்று போவது யாருக்கும் காதில் விழாது. இன்று விழுந்தது. ரெமோன் கன்னம் இரண்டும் புடைக்க, கழுத்து நரம்பு தெறிக்க, கிண்ணத்தைப் பல்லோடு சேர்த்து அழுத்தி ஊதினான். கிளாரினெட் காணாமல் போனது. டிரம்பெட்டுகள் திரும்பிப் பார்த்தன. பேண்டு மாஸ்டர் இடக்கையால் தணிக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் கையைத் தொங்கப் போட்டுவிட்டார். மேடையில் யாரும் எடுக்காமல் விட்ட அரை எலுமிச்சம்பழங்கள் இரண்டும் பலகை அதிர்ந்ததில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கையேட்டு அம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள்.

பாட்டு முடிந்தது. ஒவ்வொருவராக வாத்தியத்தை இறக்கினார்கள். யாரும் சொல்லாமலே மனைவிமார் எல்லோரும் ஒரு எட்டு முன்னால் வந்தார்கள். அவரவர் கணவன் வாயை அவரவர் பார்த்தார்கள். வளையம் கண்டவர்கள் கைதட்டினார்கள்.

கடைசியாக ரெமோன் தூபாவைத் தரையில் வைத்தான். நிமிர்ந்தான். கூட்டத்துக்கு மேலாக, மருத்துவரிடம் நாக்கை நீட்டுகிறவன் போல முகவாயைத் தூக்கி, மார்லேன் நின்ற பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றான். உதட்டைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது, எங்கும் அறுபடாமல், ரத்தம் கட்டின மாதிரி, முழு வட்டமாக. அவன் அதைத் துடைக்கவில்லை. மார்லேன் தட்டைக் கீழே வைக்கவில்லை. அதன் மேல் இருபது தம்ளர்கள் சன்னமாக ஒலித்துக்கொண்டிருந்தன.